அட்டையில் குணமான கண்

சொல்லும்போது மாற்றிச் சொல்லிவிடுவோமோ என்றுதான் சண்முகக்கனிக்குப் பயமாகவே இருந்தது. நடந்தது ஒன்று, அதை இவள் தப்பாகச் சொல்லி, எழுதுகிறவர்கள் இன்னும் தப்பாக எழுதிக்கொண்டால், அப்புறம் எழுதியதுதான் நடந்தது என்று ஆகிவிடும். ஏற்கனவே ஒரு தடவை அப்படித்தான் ஆகியிருக்கிறது. இடது கண் என்று சொல்ல வேண்டும். இடது. வீட்டில் யார் இடது வலது என்று பேசுகிறார்கள்? சோத்தாங்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம், தீர்ந்தது. பருப்பு மில்லில் புடைக்கிற சுளகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் கதவுப் பக்கம், சுவர்ப் பக்கம். பஸ்ஸில் டிரைவர் பக்கம், படிப் பக்கம். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு இந்த இடதும் வலதும் எழுந்து நின்று சொல்ல வேண்டிய வார்த்தைகள். கலெக்டர் ஆபீசுக்கு வந்து, ஐயா எனக்குப் பீச்சாங்கைப் பக்கத்துக் கண்ணு என்றா சொல்ல முடியும், மரியாதையாகவா இருக்கும். அதனால் நேற்று முழுக்க இடது இடது என்று சொல்லிக்கொண்டே சோறு வடித்தாள், இடது இடது என்று சொல்லிக்கொண்டே துணி அலசினாள். படுக்கப் போகும்போது அந்த வார்த்தை தேய்ந்து, அர்த்தமே இல்லாமல் ஏதோ பூச்சியின் சத்தம் மாதிரி ஆகிப்போயிருந்தது. இப்போது அதற்கும் மேல் ஒரு பயம். எதிரே உட்கார்ந்திருக்கப்போகிற அதிகாரிக்கு இவளுடைய இடது எந்தப் பக்கமாக இருக்கும்? அவருடைய வலதுக்கு நேராக அல்லவா இருக்கும்? அவர் அதைப் பார்த்து வலது என்று எழுதிவிட்டால்? "ஏட்டி, நகரு," என்று சீனியம்மா இடுப்பில் இடித்தாள். மனு கொடுக்க வந்தவர்களைப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். முன்னால் ஒருவர் எழுந்து போனால் வரிசை முழுக்க எழுந்து அடுத்த நாற்காலிக்கு நகர வேண்டும். முந்தி உட்கார்ந்தவர் விட்டுப்போன சூடு நாற்காலியில் இருந்தது. யாரோ ஒரு கவலைக்காரரின் சூடு. அதன்மேல் தன் கவலையை வைத்து உட்கார்ந்தாள் சண்முகக்கனி.

சீனியம்மா அவள் புருஷனுக்கு அக்கா. புருஷன் வேலுச்சாமி வரமாட்டேன் என்றுவிட்டார். "பெரிய ஆஸ்பத்திரி, தர்மத்துக்குச் செய்றவங்க, அவங்களப் போயிப் பகைச்சிக்கிடணுமா? ஒரு கண்ணு தெரியுதுல்ல?" என்று கேட்டார். தெரிகிறதுதான். அதுதான் சங்கடமே. இவ்வளவு நன்றாகத் தெரிகிற கண்ணை வைத்துக்கொண்டு எப்படி முகத்தைத் தொங்கப்போட்டுப் புகார் சொல்வது? ஆபரேஷன் முடிந்து கட்டு அவிழ்த்த அன்று டாக்டரின் சட்டை நீலமாக இருந்தது, அப்படி ஒரு நீலத்தை அவள் எத்தனையோ வருஷமாகப் பார்த்ததில்லை, குடித்துவிடலாம் போலிருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் அடுப்படிச் சுவர் முழுக்கப் புகைக் கறை, இந்தச் சுவரை வைத்துக்கொண்டா விருந்தாளிகளுக்கு இலை போட்டோம் என்று வெட்கமாகப் போயிற்று. புருஷனைப் பார்த்தால் முகத்தில் இத்தனை கோடுகள், எப்போது வந்தன, யாரைக் கேட்டு வந்தன. கடைசியில் இந்தச் சேலை. சாம்பல் நிறம் என்று நினைத்து, சாவு வீட்டுக்குப் போவதற்கென்று ஒதுக்கிவைத்திருந்த சேலை, எடுத்து உதறினால் கத்தரிப்பூ நிறத்தில் மினுமினுக்கிறது. எத்தனை துஷ்டி வீட்டுக்கு இதைக் கட்டிக்கொண்டு போனோம், ஊர் என்ன நினைத்திருக்கும் என்று ஒரு நாள் முழுக்கச் சிரிப்பு தாங்கவில்லை. இன்று அதைத்தான் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். கட்டிக்கொண்டு வந்தது தப்போ. புகார் கொடுக்க வருகிறவள் இப்படியா பளபளவென்று வருவாள். வாசலில் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று ஒவ்வொருவர் பையையும் சோதித்துக்கொண்டிருந்த போலீஸ்காரப் பெண்ணும் அதைத்தான் கேட்டாள். தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து முகர்ந்துவிட்டு, மேலும் கீழும் பார்த்து, "மனு குடுக்கவா, கல்யாணத்துக்கா?" என்றாள். சீனியம்மா முந்திக்கொண்டு, "கல்யாணம்னா இதவிட நல்ல சேலையாக் கட்டுவா, நீ பாட்டிலக் குடு தாயி," என்றாள்.

நகர்ந்தார்கள். இந்த நாற்காலியிலிருந்து மேடை கொஞ்சம் தெரிந்தது. சண்முகக்கனி வலது கண்ணை மூடினாள். உலகம் தேத்தண்ணி நிறத்துக்குப் போயிற்று. மேடையும் மேசையும் ஆட்களும் அழுக்குத் துணி வழியே தெரிகிற மாதிரி, எண்ணெய் தடவின மாதிரி. இடது கண்ணை மூடினாள். எல்லாம் துவைத்துக் காயப்போட்ட மாதிரி வெளிச்சமாக நின்றது. ஆக, தெரியாதது இது, தெரிவது அது. இது இடது, அது வலது. இப்படித்தான் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். புரை விழுந்த வெண்சங்குக் கண் இடதுதான். இடதுக்குத்தான் ஆபரேஷன் என்று கண் முகாமில் டார்ச் அடித்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். வேனில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனார்கள், பச்சை அங்கி போட்டுவிட்டார்கள், தலைக்கு ஒரு தொப்பி, ஒரே மாதிரி பச்சையும் தொப்பியுமாகப் பெஞ்சில் எல்லோரும் வரிசையாக, ஆள் அடையாளமே இல்லை. எந்தக் கண்ணோ அந்தக் கண்ணுக்கு மேலே புருவத்தின் மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டினார்கள். ஒட்டியது சரியாகத்தான் ஒட்டினார்கள், அதில் யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. அந்த அறையில் காற்று இல்லை. பயத்தில் இவளுக்கு நெற்றியெல்லாம் வேர்வை. பிளாஸ்திரி வழுக்கி மடியில் விழுந்தது. விழுந்ததை எடுத்து, தொலைத்துவிட்டால் திட்டுவார்களோ என்று உள்ளங்கையில் பத்திரமாக வைத்து, அந்த வழியாக வந்த சின்ன நர்ஸிடம் நீட்டினாள். அந்தப் பிள்ளை எதிரே நின்று, பக்கத்திலிருந்தவளிடம் பிளவுஸ் தைக்கக் கொடுத்த கதையைச் சொல்லிக்கொண்டே, வாங்கி ஒட்டியது. தன் இடது கைப் பக்கத்துக்கு ஒட்டியது. எதிரே நிற்கிறவளின் இடது எப்படி இவளுக்கு இடதாகும்? சண்முகக்கனி சொல்லத்தான் செய்தாள். "தாயி, இந்தப் பக்கமில்ல, அந்தப் பக்கம்." தெளிவாகச் சொன்னாள், கையைக் காட்டியும் சொன்னாள். "பேசாம இருங்கம்மா, தலைய ஆட்டாதீங்க, எங்களுக்குத் தெரியும்." அவர்களுக்குத் தெரியும். படித்தவர்களுக்குத் தெரியாததா. ஒருவேளை உள்ளே நரம்பு மாறிப் போகுமோ என்னவோ, இந்தப் பக்கம் ஒட்டினால் அந்தப் பக்கம் குணமாகும் போல. சொட்டு மருந்து விட்டார்கள், விட்டது வலதில். ஊசி போட்டார்கள், போட்டது வலதில். இனிமேல் சொன்னால் ஊசியை எடுக்கவா முடியும் என்று பேசாமல் இருந்தாள். பேசாம இருங்கம்மா. அந்தக் குரல் இன்னும் காதிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆபரேஷனைக்கூட மறந்துவிடலாம், அந்தப் பேசாம இருங்கம்மாவை விழுங்க முடியவில்லை.

வலதிலும் புரை ஆரம்பித்திருந்ததாம். அதனால் கெடுதல் ஒன்றும் ஆகிவிடவில்லையாம். கெட்டதிலும் நல்லது என்று நினைத்துக்கொண்டு, இடதுக்கு எப்போது வரட்டும் என்று கேட்கத்தான் அடுத்த முகாமுக்குப் போனாள். அங்கே, ஆஸ்பத்திரியில் கொடுத்த சிகிச்சை அட்டையை வாங்கிப் பார்த்தவர், "இடது முடிஞ்சிருச்சேம்மா," என்றார். முடியல ஐயா. "முடிஞ்சிருச்சுன்னு போட்டிருக்கு." ஐயா, கண்ணப் பாருங்க. "அட்டையில இருக்கிறதத்தான் நாங்க பாக்க முடியும். குணமான கண்ணுக்கு ரெண்டாவது தடவை எப்படிப் போட முடியும்?" அவர் அட்டையைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், இவள் முகத்தை மட்டும் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று, முதலில் அழுகை வந்தது, பிறகு அழுகையோடு சிரிப்பும் வந்தது. அட்டையில் இவளுக்கு இரண்டு கண்ணும் ஜோராகத் தெரிகிறது! அட்டைக்காரிக்கு என்ன குறை. மில்லில் உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்குகிறவளுக்குத்தான், இடது பக்கமாகச் சுளகு சரியும்போது கல்லும் பருப்பும் ஒன்றாகத் தெரிகிறது. மேஸ்திரி ஏற்கனவே இரண்டு தடவை முறைத்துவிட்டார். ஒற்றைக் கண்ணோடு எத்தனை நாள் வேலையில் வைத்திருப்பார். நாள் போகப் போக அந்தத் தேத்தண்ணி கருத்துக்கொண்டே வருகிறது. இந்தப் புகார் எடுபடாவிட்டால் அட்டை சொன்னதே சட்டம், இடது கண் அட்டையில் குணமாகி இருந்தபடியே குருடாகிவிடும்.

மறுபடி நகர்ந்தார்கள். கையிலிருந்த மனுக் காகிதம் வேர்வையில் நனைந்தது. கேட்டுக்கு வெளியே குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனு எழுதுகிறவர் எழுதிக்கொடுத்தது. இவள் சொன்னதை அவர் பாதிகூடக் கேட்கவில்லை. கேட்கும்போதே பேனா ஓடிக்கொண்டிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்ப்போம் என்று பிரித்தாள். படித்தே வருஷக்கணக்காகிறது. ஆனால் இந்தக் கண்ணுக்கு எழுத்தெல்லாம் அரிசி அரிசியாகத் தனித்தனியாக நின்றது, அதுவே ஒரு சந்தோஷம், கருணை, உள்ளம், கொண்ட, என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே போனாள். போய், திடுக்கென்று நின்றாள். தவறான சிகிச்சையால் எனது கண் பார்வை முழுவதும் பறிபோய், எனது குடும்பம் நடுத்தெருவில் நிற்கிறது. "மதினி," என்று சீனியம்மாவின் கையைப் பிடித்தாள், "கண்ணு போச்சுன்னு எழுதியிருக்கான்." "எழுதட்டும். அப்பத்தான் எடுபடும்னு சொன்னான்ல." "போகலையே மதினி. நல்லாத் தெரியுதே." "தெரியுதுன்னு யாருட்டி சொல்லச் சொன்னா? தடவித் தடவி நட." "குடும்பம் நடுத்தெருவுல நிக்குதுன்னு வேற எழுதியிருக்கான்." "எந்தம்பி டீக்கடை வாசல்லதான நிப்பான், அது நடுத்தெருதான். அதுல ஒண்ணும் பொய் இல்ல." சண்முகக்கனிக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்புக்குள்ளேயே பயமும் வந்தது. அட்டை ஒரு பொய் சொல்கிறது, இடது குணமாகிவிட்டது என்று. இந்தக் காகிதம் இன்னொரு பொய் சொல்கிறது, எல்லாமே போய்விட்டது என்று. இரண்டு பொய்க்கும் நடுவில் தான் ஒருத்தி, ஒரு கண் தெரிந்தும் ஒரு கண் தெரியாமலும், உள்ளபடி உட்கார்ந்திருக்கிறோம், உள்ளபடி சொல்ல ஒரு ஆள் இல்லையே. இதைக் கொடுத்து, அதிகாரி விரலைக் காட்டி இது எத்தனை என்று கேட்டால் என்ன சொல்வது? வாய் தானாக மூன்று என்று சொல்லிவிடும். பொய்ப் புகார் கொடுத்தவள் என்று பிடித்து உட்காரவைத்துவிடுவார்கள். எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. கால் ஓடப் பார்த்தது, மேஸ்திரியின் முறைப்பு நினைவு வந்ததும் கால் நின்றது. கடைசியாக ஒரு தடவை எந்தக் கண் எது என்று பார்த்துக்கொள்வோம் என்று வலதை மூடினாள், திறந்தாள், இடதை மூடினாள். மேடை ஓரத்தில் நின்ற டவாலிச் சேவகரின் தோளில் குறுக்கே கிடந்த பட்டை ஒரு கண்ணுக்குச் செங்கல் நிறத்தில் மங்கலாகவும், ஒரு கண்ணுக்குச் செம்பருத்தி மாதிரி ரத்தச் சிவப்பாகவும் இருந்தது. என்ன சிவப்பு! திரும்பவும் மூடினாள், திறந்தாள். மங்கல், சிவப்பு. மங்கல், சிவப்பு. டவாலி நெளிந்தார். மீசையைத் தடவினார். திரும்பிப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு மறுபடி இவளைப் பார்த்தார். "ஏட்டி கனி," என்று சீனியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள், "யாரப் பாத்துக் கண்ணடிக்கே? அந்தாளு வீடு வாசல் கேட்டு வந்துறப் போறான்!" சண்முகக்கனிக்கு உயிரே போய்விட்டது. முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். மூடியதற்குள்ளே தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து முன் நாற்காலிக்காரர் ரொம்ப அனுதாபமாகத் திரும்பி, "நீங்க முன்னால போங்கம்மா," என்று இடம் விட்டார்.

அப்படி முன்னால் போனதில், யோசிக்க நேரமே இல்லாமல் மேசைக்கு முன்னால் நின்றாள். சுகாதாரத்துறை என்று பலகை வைத்த மேசை. இவள் வயசில் ஒரு அதிகாரி அம்மா, டாக்டருக்குப் படித்தவர், கண்ணாடி போட்டிருந்தார். சண்முகக்கனியின் வாயில் இடதும் இல்லை வலதும் இல்லை. காகிதத்தை நீட்டினாள், நீட்டிவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். "அம்மா, இதுல கண்ணு போச்சுன்னு இருக்கு. அது பொய்ம்மா. கண்ணு நல்லாத் தெரியுது." அதிகாரி அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நல்லாத் தெரியுதுன்னு புகார் குடுக்க வந்த முத ஆளு நீங்கதான்." பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். சிரிப்பைக் கேட்டதும் சண்முகக்கனிக்கு அந்தப் பெஞ்சும் வேர்வையும் பிளவுஸ் கதையும் நினைவு வந்தது, இந்த அம்மாவும் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறார், எதிரே இருக்கிற வரைக்கும் இது விளங்காது என்று தோன்றியது, தோன்றியதும் எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ, மேசையைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். "ஏம்மா, ஏம்மா, எங்க வர்றீங்க?" என்று டவாலி ஓடி வந்தார். அதற்குள் அதிகாரி அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில், அவர் பார்க்கிற திசையையே பார்த்துக்கொண்டு, நாற்காலியில் நகர்ந்துகொண்டிருக்கிற அத்தனை சனத்தையும் பார்த்துக்கொண்டு நின்றாள். "இப்ப உங்களுக்கும் எனக்கும் ஒரே பக்கம்மா. இந்தா, இது உங்க பீச்சாங்கை, இது எம் பீச்சாங்கை. இந்தக் கண்ணுக்குப் போடணும்னு சொன்னாங்க. அந்தக் கண்ணுக்குப் போட்டுட்டாங்க. அந்தப் பிள்ள எதிர்ல நின்னு ஒட்டுனதால மாறிப்போச்சு. நான் சொன்னேன், பேசாம இருன்னுட்டாங்க. இப்பப் போயிக் கேட்டா, போடாத கண்ணு அட்டையில குணமாயிருச்சுங்கிறாங்க." மூச்சு வாங்கியது. ஐயோ, பீச்சாங்கை என்று சொல்லிவிட்டோமே. ஆனால் அந்த அம்மா தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தார், இவள் முகத்தைப் பார்த்தார், பிறகு எழுந்து செல்போன் விளக்கைப் போட்டு ஒரு கண்ணையும் மறு கண்ணையும் இமையைத் தூக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு அவர் பேசியதை மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற சீனியம்மா அப்புறம் ஊர் முழுக்க நடித்துக் காட்டப்போகிறாள், அது நிச்சயம். "அட்டையில இடதுன்னு இருக்கா? நீங்க அட்டைக்கா ஆபரேஷன் பண்ணுனீங்க? ஆளு எம் பக்கத்துல நிக்கிறாங்க சார். ரெண்டு கண்ணையும் நானே பாத்துட்டேன்." அந்தப் பக்கத்திலிருந்து என்னவோ நீளமாகச் சொன்னார்கள். "அவங்க சொல்லியிருக்காங்க. உங்க ஸ்டாஃப் வாய மூடச் சொல்லியிருக்காங்க. அதுக்கு விளக்கம் எழுத்துல வரணும்." பிறகு மனுவில் பொய்யாக இருந்த வரிகளை அடித்துவிட்டு, இவள் சொன்னதை இவள் சொன்னபடியே எழுதி, உரக்கப் படித்துக் காட்டினார். சரியாக இருக்கிறதா என்று கேட்டார். சரியாக இருக்கிறதா என்று தன்னைக் கேட்கிறார்! சண்முகக்கனி சரி என்று தலையாட்டினாள். "அந்தச் சின்னப் பிள்ளைய வேலையவிட்டு எடுத்துறாதீங்கம்மா. யாராவது ஒண்ணு சொன்னா காது குடுத்துக் கேக்கச் சொன்னாப் போதும்," என்றாள். அதையும் எழுதிக்கொண்டார். வியாழக்கிழமை காலையில் போக வேண்டும், பெரிய டாக்டரே செய்வார், அட்டையைத் திருத்தித் தருவார்கள். கையெழுத்துப் போடுமிடத்தில், தன் பெயர் எழுத்து இவ்வளவு வட்டமாக இருக்கும் என்று தெரியாமல் போயிற்றே என்று ஒவ்வொரு எழுத்தாக ரசித்துப் போட்டாள்.

வெளியே வெயில் அடித்து ஊற்றியது. அத்தனை வெயிலும் தனக்கென்றே அடிக்கிற மாதிரி இருந்தது. வாசல்வரை மிதந்துதான் வந்தாள். வாசலுக்கு வந்ததும் மனசு மெல்ல முரண்டு பிடித்தது. வியாழக்கிழமை. அதே ஆஸ்பத்திரி. அதே பெஞ்ச், அதே பச்சை அங்கி, அதே காற்றில்லாத அறை, வேர்வை வராமல் இருக்குமா, பிளாஸ்திரி விழாமல் இருக்குமா. பெரிய டாக்டர் உள்ளேதானே இருப்பார், ஒட்டுகிறவர்கள் வெளியேதானே. மறுபடி மாற்றி ஒட்டினால் நன்றாக இருக்கிற கண்ணில் அல்லவா கத்தி வைப்பார்கள். புகார் கொடுத்தவள் என்ற கோபம் வேறு இருக்குமோ. இன்னும் சத்தம் போட்டுச் சொல்லலாம், ஆனால் மயக்க மருந்து கொடுத்துவிட்டால் வாய் எங்கே இருக்கும். நீலம் போய்விடும், சிவப்பு போய்விடும், எழுத்து போய்விடும். சுற்றுச்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "என்னட்டி, அதான் செயிச்சிட்டேல்ல, மூஞ்சி ஏன் இப்பிடிப் போகுது?" என்றாள் சீனியம்மா. பிளாஸ்திரி விழுந்துருமே மதினி என்றாள் இவள். சுவரை ஒட்டி வேலியாக மருதாணிச் செடியைக் கத்தரித்து விட்டிருந்தார்கள், கொத்துக் கொத்தாகச் சின்ன இலை, தளிரில் வெயில் பட்டுக் கிளிப்பச்சை. என்ன பச்சை என்று பார்த்துக்கொண்டே நின்றவள், ஒரு கொத்தை ஒடித்தாள். இன்னொரு கொத்து. "ஏ, கவர்மெண்டு செடிட்டி!" என்று சீனியம்மா பதறினாள். "மனுவே வாங்கிக்கிட்டாங்க, இலைக்கா கோவிச்சிக்கப் போறாங்க," என்றாள் சண்முகக்கனி. இப்படிப் பதில் பேசியது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

பஸ் ஸ்டாப்பில் குளிர்பானக் கடைக்காரரிடம் பிழிந்து போட்ட எலுமிச்சை மூடி ஒன்று கேட்டு வாங்கினாள். சிமெண்டுத் திண்டைத் தண்ணீர் விட்டுக் கழுவி, இலையைக் கல்லால் நசுக்கி, எலுமிச்சையின் மிச்சத்தைச் சொட்டவிட்டு மைபோல இழைத்தாள். "பச்சிலை கண்ணுல வடிஞ்சிறாமப் பாத்துக்கோ," என்று சீனியம்மா முந்தானையால் புருவத்துக்குக் கீழே அணை கட்டிப் பிடித்துக்கொண்டாள். சண்முகக்கனி யாரிடமும் கொடுக்காமல் தன் விரலாலேயே தொட்டு, மங்கலாகத் தெரிகிற கண்ணை ஒரு தடவை மூடித் திறந்து பார்த்துக்கொண்டு, அந்தப் புருவத்துக்கு மேலே நெற்றியில் ஒரு அப்பு அப்பினாள். சிவந்தால் ஒரு வாரத்துக்குப் போகாது. வேர்வைக்கும் போகாது, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாலும் போகாது, எதிரே நின்று எடுத்து யாரும் அந்தப் பக்கம் மாற்றி ஒட்டவும் முடியாது. புதன்கிழமை இன்னொரு தடவை அரைத்து அதன்மேலேயே வைக்க வேண்டும். பஸ் வந்தது, கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "என்னம்மா, நெத்தியில காக்கா போயிருச்சா, ஏறுங்க, ஏறுங்க!" என்றார். ஏறினால் ஜன்னல் காற்றில் காய்ந்து உதிர்ந்துவிடும், சரியாகப் பிடிக்காது. "போயிட்டு வாங்க தம்பி," என்று கையசைத்து அந்த பஸ்ஸை விட்டுவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, நெற்றியை வெயிலுக்குக் கொடுத்து உட்கார்ந்துகொண்டாள் சண்முகக்கனி.